4,850 ரூபா அலங்காரப் பெட்டி: எட்டு மாதத்துக்குப் பிறகு சுவரில் மிஞ்சினது

அஞ்சுக்கு இரண்டரை. அந்த இரண்டரையில் இரண்டு நட்சத்திரம் பெட்டிக்குள் இருந்த நூலுக்கு, அரை நட்சத்திரம் மர மணிகளுக்கு. மற்றச் சாமான்களுக்கு நான் ஒன்றும் கொடுக்க மாட்டேன். வாங்கலாமா என்று கேட்ட நாலைந்து பேருக்கும் போனில் திரும்பத் திரும்ப ஒரே கதையைச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

விற்ற ஆட்களின் பெயரைப் போடவில்லை. இதே பெட்டியை வேறு வேறு பெயரில் முகநூலில் எத்தனையோ பேர் விற்கிறார்கள், படம்கூட ஒரே படம்தான். ஆளைப் பார்ப்பதை விடச் சாமானைப் பார்ப்பதுதான் பிரயோசனம்.

சாமான் என்னவென்றால், வீட்டுச் சுவருக்கு நாங்களே அலங்காரம் செய்து மாட்டுகிற கைவினைப் பெட்டி. 3 மில்லிமீற்றர் பருத்தி நூல் 50 மீற்றர், நூலைத் தொங்கவிட ஒரு தடி, இரண்டு மர வளையம், முப்பது மர மணி, ஒரு சின்னக் குளூ கன், அதற்குப் பத்துப் பசைக் குச்சி, பன்னிரண்டு அறுகோணக் கண்ணாடி ஸ்ரிக்கர், கொஞ்சம் சணல் கயிறு, ஒரு விளக்கத் தாள். விலை 4,850, வீட்டுக்குக் கொண்டுவந்து தர 400.

எங்கள் வீடு இலங்கையின் வன்னியில், விசுவமடுவில். இந்திய வீட்டுத்திட்டத்தில் தந்த ஐந்தரை இலட்சத்தோடு எங்கள் பங்கும் போட்டுக் கட்டின வீடு. சுவர் எழும்பினது ஒரு வருசம், பூச்சு முடிந்தது வேறொரு வருசம், பெயின்ற் அடித்தது அதற்கும் எவ்வளவோ பிறகு. அலங்காரம் என்கிற பேச்சே எங்கள் வீட்டுக்குள் இப்போதுதான் வந்திருக்கிறது. அதுவரைக்கும் ஹோல் சுவரில் இருந்தது மூன்று கலண்டர், சாமிப் படங்கள், சித்தப்பாவின் படம். கலண்டரில் ஒன்று 2021ஆம் ஆண்டினது. அதில் லட்சுமி வடிவாக இருக்கிறா என்று அம்மா இன்னும் கழற்ற விடவில்லை.

நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், கைவேலை எனக்குப் புதிது இல்லை. வெற்றுப் போத்தல், ஐஸ்கிறீம் குச்சி, முட்டைக் கோது என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் யூரியூப்பில் பார்க்கிற அந்த வெள்ளை வெளேர் சுவர்களுக்கு ஆசைப்பட்டு இதை வாங்கினதுதான் பிழை. அந்தச் சுவர்களுக்குச் சித்திரை வெயிலும் தெரியாது, சோளகக் காற்றும் தெரியாது.

பார்சல் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் வீடு பரந்தன் முல்லைத்தீவு வீதிக்குக் கிட்டத்தான், காட்டுக்குள் ஒன்றும் இல்லை. கூரியர்காரர் எடுத்து, "அக்கா, நாங்கள் இண்டைக்கு அங்கால வரேல்லை, கிளிநொச்சிக்கு வந்து எடுங்கோவன்" என்றார். இண்டைக்கு இல்லாவிட்டால் எப்போது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. 400 ரூபாவை அதற்குத்தானே வாங்குகிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது, அந்தப் பிள்ளையைப் பேசி என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்வர அரைநாள் போனது. காசைக் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் திறக்க விட்டார்கள்.

திறந்தால் முதல் பிரச்சினை அங்கேயே. குளூ கன்னின் புளக்குக்கு இரண்டு தட்டைக் கால். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதெல்லாம் பழைய வட்டத் துளை. நல்லகாலம் ரவுனில் வைத்தே பார்த்துவிட்டேன், ஏ9 வீதியில் ஒரு ஹாட்வெயாரில் 180 ரூபாவுக்கு ஒரு அடப்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். விளக்கத் தாள் சீன மொழியிலும், சீன மொழி போலவே இருந்த ஒரு ஆங்கிலத்திலும் இருந்தது. அதிலிருந்த கியூஆர் கோட்டைப் போனால் பிடித்தால் வீடியோ வரும் என்றிருந்தார்கள். பிடித்தேன். அந்த வீடியோவை அழித்துவிட்டார்களாம்.

சரி, நூலுக்கு வருவோம். இந்த நூல் முடிச்சு வேலைக்கு மக்ரமே என்று பெயர், இப்போது எல்லா வீடியோவிலும் இதுதான். பெட்டியில் போட்டிருந்த படத்தில் கதவு அகலத்துக்கு ஒரு தொங்கல். அதைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். நீங்கள் விழ முதல் ஒரு கணக்குச் சொல்கிறேன். முடிச்சு நிறையப் போடுகிற வேலைக்கு, முடிந்த பிறகு எவ்வளவு நீளம் வர வேண்டுமோ அதைப் போல நாலு மடங்கு நூல் வேண்டும். நூலை இரண்டாக மடித்துத் தடியில் கொளுவுவதால் வெட்டும்போது எட்டு மடங்கு. அதாவது இரண்டடி, 60 சென்ரிமீற்றர் தொங்கல் செய்ய ஒவ்வொரு நூலும் 4 மீற்றர் 80. ஐம்பது மீற்றரில் அப்படிப் பத்து நூல்தான் வரும். பத்து நூலைத் தடியில் கொளுவினால் எவ்வளவு அகலம் பிடிக்கும் தெரியுமா? அரைச் சாண். படத்தில் இருக்கிற தொங்கலைச் செய்ய இப்படி ஏழெட்டுப் பெட்டியாவது வேண்டும்.

அதுவும் ஐம்பது இருந்தால். தம்பியின் அளவுநாடாவைப் பிடித்து விறாந்தையில் முழு நூலையும் விரித்து அளந்தேன். 46 மீற்றரும் கொஞ்சமும். அளந்ததைப் படம் எடுத்து விற்றவர்களுக்கு வட்ஸ்அப்பில் போட்டேன். "தாங்ஸ் டியர்" என்று ஒரு சிவப்பு இதயத்தோடு பதில் வந்தது. அவ்வளவுதான், இன்றுவரைக்கும் வேறு பதில் இல்லை.

நீளத்தைப் பாதியாக்கினேன். ஓரடித் தொங்கல், பதினெட்டு நூல், ஒரு சாணுக்குக் கிட்ட அகலம். முதல் மூன்று அங்குலம் முடிச்சுப் போட்டுவிட்டுப் பார்த்தால் எல்லாம் பாம்பு மாதிரி முறுகிக்கொண்டு நிற்கிறது. தாளில் இருந்த படத்தில் தட்டையாக இருந்தது. பிரித்தேன், திரும்பப் போட்டேன், திரும்பவும் முறுகியது.

பக்கத்து வீட்டு ஐயா முல்லைத்தீவுக் கடலில் கனகாலம் தொழில் செய்தவர், இப்போது முழங்கால் ஏலாமல் மகளோடு இருக்கிறார். பின்னேரம் தேத்தண்ணி குடிக்க வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"என்ன பிள்ளை, வலையா பின்னுறாய்?"

"இல்லை ஐயா, சுவருக்கு."

"சுவரில என்ன மீனே படப்போகுது? இஞ்ச விடு பாப்பம்."

வாங்கிப் பார்த்துவிட்டு, இது வலை முடிச்சு இல்லை, நாங்கள் கயிறு ரெண்டைச் சேர்க்கப் போடுகிற முடிச்சு, நீ ஒரே பக்கமாகவே போட்டுக்கொண்டு போகிறாய் என்றார். முதல் தரம் இடப்பக்க நூல் மேலால் போனால், அடுத்த தரம் வலப்பக்க நூல் மேலால் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு முடிச்சு. ஒரே பக்கமாகப் போட்டால் முறுகும், மாற்றி மாற்றிப் போட்டால் தட்டையாக உட்காரும். இந்த ஒரு வசனத்தை அந்தத் தாளில் தமிழில் வேண்டாம், ஒழுங்கான ஆங்கிலத்திலாவது எழுதியிருந்தால் எனக்கு இரண்டு பின்னேரம் மிஞ்சியிருக்கும். ஐயா நாலு முடிச்சுப் போட்டுக் காட்டினார். அந்த நாலும் எங்கே இருக்கின்றன என்று இப்போதும் தொங்கலைப் பார்த்தவுடன் தெரியும், நான் போட்டவற்றை விட இறுக்கம்.

நூல் நல்ல நூல், அதை ஒத்துக்கொள்கிறேன். மெது, கையை வெட்டாது, நுனியைச் சீப்பால் வாரினால் குஞ்சம் வடிவாக விரியும். சோளகம் அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியைக் குடித்துக் குடித்து வெள்ளைத் தொங்கல் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. சன்லைட் சவர்க்காரம் போட்டு அலசி நிழலில் போட்டேன், முக்கால்வாசி போனது, நீளம் ஒரு விரல் சுருங்கினது. ஐயா மீன்பிடிச் சாமான் கடையில் நைலோன் நூல் வாங்கச் சொன்னார். கொஞ்சம் வாங்கிப் பார்த்தேன். தூசி பிடிக்காதுதான், ஆனால் வழுக்கும், முடிச்சு இளகும், நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடாவிட்டால் பிரிந்துகொண்டே வரும். வெளியே பூச்சட்டி தொங்கவிட அது நல்லது. ஹோல் சுவருக்குப் பருத்தியேதான்.

அப்புறம் குளூ கன். இதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம்.

சின்னது, 20 வோட். நிறுத்தி வைக்கிற சுவிச்சு இல்லை, புளக்கைக் கழற்றினால்தான் நிற்கும். முன்னுக்கு ஒரு கம்பிக் கால் இருந்தது, இரண்டாம் நாள் கழன்றது. சூடேறினால் தானாகவே ஒழுகும். ஒழுகின பசை என் பெருவிரலில் பட்டு வந்த கொப்புளம் ஆற ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. இது நூறு பாகைக்கு மேல் போகிற சாமான், பெட்டியில் சின்னப் பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டு பிடித்திருக்கிற மாதிரிப் படம் போட்டிருக்கிறார்கள். முன்பள்ளி ரீச்சராகச் சொல்கிறேன், பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

சூட்டை விடுங்கள், ஒட்டினதாவது நின்றதா? மூன்று சிரட்டையைச் சாண்ட் பேப்பரால் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கி, மர வளையத்தைச் சுற்றி ஒட்டி, உள்ளே ஒவ்வொரு சின்னப் பல்ப் வைத்து விறாந்தையில் தொங்கவிட்டேன். எண்ணெய் பூசினது ஒட்ட முதல், அது என் பிழை, அதை ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் தரம் புதுச் சிரட்டை எடுத்து எண்ணெய் இல்லாமல் ஒட்டினேன். காலையில் கல்லு மாதிரி இருந்தது. எங்கள் விறாந்தைக்குத் தகரம் போட்டிருக்கிறது, ஆடி மாத மத்தியானம் அந்தத் தகரத்தில் கை வைக்க ஏலாது. இந்த வகைப் பசை அறுபது எழுபது பாகைக்குக் கிட்டப் போனால் இளகத் தொடங்கும், பாரம் தொங்கினால் அதற்கு முதலே நழுவும். இரண்டு மணி போல ஒரு சிரட்டை விழுந்து நாய் கத்திக்கொண்டு ஓடினது. மற்றதைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பசை இளகின பனங்கட்டி மாதிரி நீளமாக இழுபட்டது.

மூன்றாம் தரம் பசையே வேண்டாம் என்று தம்பி சிரட்டைகளில் துளை போட்டுத் தந்தான், மிச்ச நூலால் வளையத்தோடு கட்டினேன். ஆடியில் கட்டினது தையிலும் தொங்குகிறது. ஒரு துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. பல்ப் எரிந்தால் அந்தப் பக்கம் மட்டும் வெளிச்சம் குறைவு, மற்றபடி குறை இல்லை.

கண்ணாடி ஸ்ரிக்கரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. கண்ணாடி இல்லை, பிளாஸ்ரிக். முகத்தைப் பார்த்தால் கன்னம் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும். வோட்டர் பேஸ் பெயின்ற் அடித்த சுவரில் ஒட்டினேன், ஒரு கிழமைக்குள் ஏழு விழுந்தன, விழும்போது பெயின்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தன. இரவில் ஒவ்வொன்றாக விழ அம்மா பல்லியைப் பேசிக்கொண்டு இருந்தா. மிச்சம் ஐந்தையும் கழற்றி அலுமாரிக் கதவில் ஒட்டினேன், மினுக்கமான பலகை என்பதால் அங்கே நன்றாகப் பிடித்தன. சுவருக்கு வாங்க நினைப்பவர்கள் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள், கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் வாங்க வேண்டாம்.

தடி கார்த்திகை மழையோடு போனது. சுவரில் ஈரம் ஏறின கையோடு கறையான் கீழே இருந்து ஒரு மண்கோடு இழுத்துக்கொண்டு நேரே தடிக்கு வந்துவிட்டது. நான் கண்டபோது வெளியே தடி, உள்ளே மண். நல்லகாலம் நூலில் கை வைக்க முதல் கண்டேன். தச்சரிடம் கதவு நிலை செய்து மிஞ்சின முதிரை மரத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, சீவி மாட்டியிருக்கிறேன். பாலை மரம் கிடைத்தாலும் நல்லது. வன்னியில் இருந்துகொண்டு வெளிநாட்டு மெது மரத் தடியைச் சுவரில் தொங்கவிட்டது எனக்கே பிறகு சிரிப்பாக இருந்தது.

இரண்டாவது மர வளையத்தை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாமல் மேசையில் போட்டு வைத்திருந்தேன். அப்பம்மா எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "மோனை, குருத்தோலை வெட்டுவி" என்றா. அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நீத்துப்பெட்டி, கடகம், உமல், பாய் எல்லாம் இழைத்த கை, இப்போது கண் மங்கலாம், ஆனால் ஓலைக்குக் கண் தேவையில்லைப் போல. பனங்குருத்தை விரித்து ஈர்க்கு எடுத்துக் காயவைத்தா, பிறகு ஒரு இரவு முற்றத்துப் பனியில் போட்டா. காய்ந்தபடியே மடித்தால் ஒடிந்துவிடுமாம், பனிப்பதம் வேணுமாம். அதனால் விடியக் காலையில் ஐந்தரைக்கே என்னை எழுப்பி இருத்திவிட்டா. ஒரே அகலத்துக்கு வார்வதுதான் கஷ்டம். நான் வார்ந்தது ஒரு பக்கம் ஒடுங்கி ஒரு பக்கம் அகண்டு போனது, அவ நகத்தால் கீறி இழுக்க நேர்கோட்டில் வந்தது. பாதி ஓலையைச் சிவப்பும் பச்சையும் சாயப் பவுடர் போட்டு உப்போடு அவித்தோம். வளையத்தைச் சுற்றிப் பூ மாதிரி இழைத்து, நூலும் ஊசியும் கொண்டு தைத்தா. ஒரு சொட்டுப் பசை இல்லை. அதுதான் இன்று ஹோலின் நடுவில் இருக்கிறது, வருகிற எல்லோரும் எங்கே வாங்கினது என்று கேட்பதும் அதைத்தான்.

அந்த ஓலை மிச்சத்தில் சித்தப்பாவின் படத்துக்கும் ஒரு கரை இழைத்தா. சித்தப்பாவின் படம் அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்தது. அல்பம் எல்லாம் 2009 யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது வழியில் விட்டது, வேறு படம் இல்லை. பழைய பிளாஸ்ரிக் பிறேமில் ஒரு மூலை உடைந்து கனநாள். நான் சிவப்பும் பச்சையும் எடுத்து வைத்தேன். "இதுக்கு வெள்ளையே காணும்" என்றா. பெட்டியில் வந்த மர மணிகளைக் கீழ்க்கரையில் வரிசையாகக் கோத்தோம். மணிக்கு அரை நட்சத்திரம் அதற்குத்தான்.

ஓலை இழைக்கிற ஆள் எல்லார் வீட்டிலும் இல்லைத்தான். செய்த சாமானாக வேண்டுமென்றால் பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களில் பெட்டி, கூடை என்று இருக்கும். 1978இல் தொடங்கின சபை, இந்த வேலை தெரிந்த பெண்களின் கைச்சாமான்தான் அங்கே வருவது. ஒரு கூடையை வாங்கிக் கவிழ்த்துப் பல்ப்புக்கு மேல் தொங்கவிட்டாலே இந்தப் பெட்டியை விட வடிவாக இருக்கும்.

செலவுக் கணக்கு. பெட்டி 4,850, கூரியர் 400, அடப்டர் 180, பஸ் காசு வேறு. இதே பருத்தி நூல், 100 மீற்றர் உருண்டையாக, கிளிநொச்சியில் ஒரு தையல் சாமான் கடையில் 1,900 ரூபாவுக்குப் பிறகுதான் கண்டேன். அங்கே முடிச்சை அவிழ்த்துத் தொட்டுப் பார்க்கவும் விட்டார்கள். அதோடு ஒரு ஊசி, நல்ல தையல் நூல் ஒரு கட்டை. சிரட்டை குசினியில் இருக்கிறது, தடி தச்சரிடம். இவ்வளவும் சேர்த்து அரைவாசிக் காசு வராது.

குளூ கன்னை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன், தம்பி பள்ளிக்கூடத்துச் செயற்திட்டத்துக்கு வேணும் என்று வைத்திருக்கிறான். காட்போட் வீடு ஒன்று ஒட்டினான், அதன் கூரை போன கிழமை கழன்றது. அந்த 180 ரூபா அடப்டர் மட்டும் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. மாமா கொழும்பில் வாங்கி அனுப்பின போன் சாஜருக்கும் அதே தட்டைக் கால்தான், இப்போது அம்மாவும் நானும் அதற்குச் சண்டை பிடிக்கிறோம்.